காலியாக விடக் கூடாத குழி

நினிங்குக்கு மட்டும் சோற்றுப் பொட்டலம் இல்லை.

பங்களாவின் பின்கட்டில் சமையல்கார பீபி ரொம்லா மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே இலைச் சருகும் சிந்திய மிளகாய்ச் சம்பாலும்தான்.

"குடுத்தாச்சே நெங்."

"யார்கிட்ட?"

"உங்கிட்டத்தான். பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணியக்கூட அவுக்காம வந்து நின்ன. மூஞ்சி பூரா வெள்ள மாவு. வாயத் திறக்கல, கைய மட்டும் நீட்டின. பயந்து போய் அவிச்ச முட்டை ஒண்ணு கூடுதலா வெச்சேன்."

"நான் வரவே இல்ல பீபி. இப்பத்தான் தூங்கி எந்திரிச்சேன்."

"அப்ப வந்தது உன் ஆவியா? ஆவி முட்டை திங்குமா? போடி, போய் வாயக் கொப்புளி. பல்லெல்லாம் மண்ணு."

சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த லைட்பாய்கள் சிரித்தார்கள். நினிங்கும் சிரித்துவைத்தாள். நாக்கால் பல்லைத் தடவினாள். நறநறவென்றது.

தண்ணீர்ப் பானையிலிருந்து மொண்டு கொப்புளித்தாள். பிறகு குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். பானையின் அடியில் அகப்பை தட்டும் வரை குடித்த பிறகுதான், தனக்குப் பசியே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. பொரித்த கருவாட்டின் வாசனை முற்றம் முழுக்க அடிக்கிறது. அவள் மூக்கில் மட்டும் வேறு ஏதோ ஒன்று, பச்சையாக, துவர்ப்பாக, மழை நாளில் வெட்டிப் போட்ட செடியின் வாடை போல ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள். அவள் முகத்தை வைத்து விளையாடுகிறார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இந்தப் பேய்ப்பட யூனிட்டில் அவள் முகத்தை வைத்திருப்பவன் ஒருவன்தான். எஃபெக்ட்ஸ் ஜும்ஹரி.

நினிங் மேக்கப்காரி. நடிகை அல்ல. ஆனால் கதாநாயகி வெரா பிளாஸ்டர் சேற்றில் முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், மூச்சு முட்டுமாம். வெட்டுப்படும் ரப்பர் தலைக்கு அச்சு எடுக்க ஒரு முகம் வேண்டும். ஜும்ஹரி நினிங்கைப் பிடித்து உட்கார வைத்து, மூக்கில் இரண்டு பப்பாளிக் குழாயைச் செருகி, அச்சு எடுத்தான். அதே வெரா இன்று காலை குழிக்குள்ளும் படுக்க மாட்டேன் என்றாள். உயரம் ஒன்று, உடல்வாகு ஒன்று. மறுபடி நினிங்.

குழி நிஜக் குழி. சுகபூமி ஊருக்கு மேலே இந்த ரப்பர் தோட்டத்துக் கபர்ஸ்தானின் ஓரத்தில், குழிவெட்டி மாங் கர்த்தா வெட்டிக் கொடுத்தது. செட் போட்டால் தச்சன், சாக்கு, பெயிண்ட் என்று இழுக்கும். நிஜமாகத் தோண்டினால் ஒரு மண்வெட்டிதான் என்று டைரக்டர் பாக் தர்சோனோ கணக்குச் சொன்னார். கேமராவுக்கு நீலக் கண்ணாடி மாட்டினால் பகலே ராத்திரியாகிவிடும். நினிங்கைக் கஃபனில் சுற்றி, உச்சியிலும் கழுத்திலும் காலிலும் முடிச்சுப் போட்டு, குழிக்குள் ஒரு பலகையில் கிடத்தினார்கள். தேங்காய் மட்டைப் புகை. சாயம் போட்ட நூடுல்ஸ் புழுக்கள். ஜும்ஹரி மறைவில் உட்கார்ந்து சைக்கிள் பம்பை அழுத்த மண் குபீரென்று வெடித்தது. நான்கு பேர் கயிற்றை இழுக்க, பலகையோடு விறைப்பாக எழுந்து நின்றாள் போச்சோங். கஃபன் முடிச்சை அவிழ்க்காமல் புதைத்ததால் எழுந்து வரும் பிணம். ஒரே டேக்கில் ஓகே.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையும் செய்தார்கள். உயிருள்ளவள் படுத்து எழுந்த குழியைக் காலியாக விடக் கூடாது. ருசி கண்ட குழி, படுத்தவளையே திரும்பக் கூப்பிடும். அதனால் அவள் நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டு. அதற்கும் கஃபன், அதற்கும் முடிச்சு. மாங் கர்த்தா அதைக் குழிக்குள் வைத்து, 'இதுதான் நினிங். இவள் இங்கேயே இருப்பாள்' என்று சொல்லி மண்ணைத் தள்ளினார். அவர் குனிந்ததையும், சுருங்கிய உதடுகள் முணுமுணுத்ததையும், ரப்பர் இலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரிந்ததையும், மண்வெட்டியிலிருந்து மண் சொத்தென்று விழுந்ததையும் அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

ஆகவே குழியைப் பற்றிப் பயமில்லை. மனிதர்களைப் பற்றித்தான் சந்தேகம்.

மேக்கப் அறைக்குப் போனாள். கஃபன் உடுப்பு ஆணியில் இல்லை. அப்படியானால் எடுத்தவன் அதைப் போர்த்திக்கொண்டு, அவள் முகத்து ரப்பரையும் மாட்டிக்கொண்டு, பீபியிடம் கை நீட்டியிருக்கிறான். சரி. ஆனால் அவள் படுத்திருந்த பாய்? அதில் ஆள் நீளத்துக்கு ஒரு ஈரம். வேர்வை இவ்வளவு ஊறாது. துண்டை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தாள். துண்டில் பழுப்பாக ஒரு கறை. ஸ்பிரிட் கம் என்று நினைத்தாள். பொய்ப் புருவம் ஒட்டும் பசைதான், வேறென்ன. மோந்து பார்த்தாள். அதே பச்சை வாடை. அறையின் மூலைகளை மோந்தாள், ஜன்னலை மோந்தாள், திரைச்சீலையை விலக்கி மோந்தாள். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அவள் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே அடித்தது.

வராந்தாவில் டைரக்டர் கிரெடெக் சிகரெட்டை ஊதிக்கொண்டிருந்தார். கிராம்புப் புகை.

"என்னம்மா நினிங், அதுக்குள்ள மூஞ்சியக் கழுவிட்ட? போச்சோங் வேஷம் அவ்வளவு அம்சமா இருந்துச்சே. இன்னொரு குளோசப் எடுக்கலாம்னு பார்த்தேன்."

"எப்ப பாத்தீங்க பாக்?"

"சோத்து நேரத்துல. குழிப் பக்கம் தனியா குந்தித் தின்னுக்கிட்டு இருந்தியே. ஆளுங்களோட ஒக்காரக் கூடாதா?"

இவருமா? அவள் அவர் முகத்தையே பார்த்தாள். காலையில் இதே வாய்தான் சொன்னது: நாளைக்கு வார இதழ்க்காரன் வருகிறான், யூனிட்டில் நாலு பேர் பேயைப் பார்த்ததாகச் சொன்னால் படம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று. அப்படியானால் இது அவர் ஏற்பாடு. பீபி, ஜும்ஹரி, எல்லாரும் கூட்டு. பயந்து அலறுபவள் அவள். படம் பிடிப்பவன் இதழ்க்காரன்.

"பேய் வேஷத்துக்கு வேற ஆள் பாருங்க பாக். நான் சாயங்கால வண்டியில ஊருக்குப் போறேன். மகள் தனியா இருக்கா."

"போம்மா, போ. கழுத்து வெட்டு ஷாட் முடியட்டும், போ."

மகளின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆயி. இருட்டுவதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது. மஃரிப் தொழுகை நேரத்தில், இருட்டும் வேளையில், வாசலில் நிற்காதே, உள்ளே போய்க் கதவைச் சாத்து என்று சொன்னது. ஆயி வாசலில்தான் நிற்பாள்.

முற்றத்தைக் கடந்தாள். மழை வராமலிருக்க நட்டிருந்த ஈர்க்குச்சிகளில் மிளகாயும் சின்ன வெங்காயமும் வாடிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் போனதும் ஈக்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு அவள் கையில் வந்து உட்கார்ந்தன.

ஜும்ஹரியின் கொட்டகை பழைய ரப்பர் புகைக்கூடம். ஆட்டுக்குடல் வாளி, சிவப்பு சர்பத் ஊற்றிய பலூன்கள், பறக்கிற தலைக்குத் தூண்டில் நரம்பு, கண்ணுக்கு லொங்கான் பழக்கொட்டை. அவன் பெஞ்சில் குனிந்து, உடம்பு பொம்மையின் தோளுக்கு மேலே ரப்பர்த் தலையைப் பொருத்திக்கொண்டிருந்தான். கண் மூடிய தலை. நினிங்கின் முகம்.

"அபாங் ஜும்ஹரி. என் மூஞ்சிய மாட்டிக்கிட்டு சோறு வாங்கினது நீதானே?"

"உன் மூஞ்சிய மாட்டிக்கிட்டா யாரு சோறு போடுவா? வெராவோட மூஞ்சின்னா ஆட்டுக்கறியே கெடைக்கும்."

"வெளையாடாதே. யார் எடுத்துட்டுப் போனா?"

அவன் நிமிர்ந்தான். "எடுத்துட்டா? இது காலையிலருந்து அச்சுக்குள்ள கரி அடுப்புல வெந்துக்கிட்டு இருந்துச்சு நெங். இப்பத்தான் உரிச்சேன். தொட்டுப் பாரு."

தொட்டாள். கன்னம் சுட்டது. அவள் விரலைவிட அந்த ரப்பர் சூடாக இருந்தது.

ரப்பர் முகம் இங்கே வெந்துகொண்டிருந்தால், பீபியிடம் கை நீட்டிய முகம் எது?

பச்சை வாடை இங்கே கனமாக இருந்தது. ரப்பர்க் கழுத்தின் விளிம்பிலிருந்து. கழுத்துக்குள்ளே வெள்ளையாக, அடுக்கடுக்காக, ஈரமாக ஒன்று. வாழைத்தண்டு. அரிவாள் அதில் இறங்குவது சதையில் இறங்குவது போலவே இருக்கும் என்பான் ஜும்ஹரி. கழுத்து வெட்டு எல்லாமே அவனுக்கு வாழைத்தண்டுதான். தண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் ஒட்டியிருந்தது. முடிச்சோடு.

"இது எங்கருந்து எடுத்த?"

அவன் ஒரு பலூனை எடுத்து ஊதினான்.

"அபாங். எங்கருந்து?"

"தோட்டத்து மானேஜர் இனிமே ஒரு வாழை வெட்டினா நம்ம கழுத்த வெட்டுவேன்னுட்டான். வெளிச்சத்துக்குள்ள ஷாட் எடுக்கணும்னு பாக் கத்துறாரு. அங்க மண்ணுக்குள்ள சும்மா கெடந்து அழுகப்போறது. நம்ம படத்துல நடிச்சுட்டுப் போகட்டுமேன்னு..."

"தோண்டி எடுத்தியா?"

"எல்லாரும் சோத்துக்குப் போன நேரம்தான். தூக்கிட்டு வர்றப்ப நீயே எதுக்க வந்தே, கஃபனோட, கையில பொட்டலத்தோட. என்ன அபாங் அதுன்னு கூடக் கேக்கல. உனக்குப் பரவாயில்ல போலன்னு நெனச்சேன்."

"வந்தது நான் இல்ல."

"நீதான். ரப்பருக்கும் மூஞ்சிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"குழிக்குள்ள பதிலுக்கு என்ன வெச்ச?"

ஜும்ஹரி அவளைப் பார்க்கவில்லை. பலூனின் வாயை விரலால் அழுத்திப் பிடித்திருந்தான். "ஒண்ணும் வெக்கல. சாயங்காலம் வெச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

காலிக் குழி. அவள் படுத்து எழுந்த குழி. இருட்டுவதற்குள் அதற்குள் ஒன்று போயாக வேண்டும். தண்டு போகாவிட்டால்?

"இப்பவே குடு. நானே கொண்டு போய் வெக்கிறேன்."

"ஜும்ஹரீ!" வெளியே பாக் தர்சோனோவின் குரல். "சூரியன் உன் மாமனாரா, உனக்காகக் காத்திருக்க?"

"ஒரே வெட்டு நெங். முடிஞ்சதும் நானே வர்றேன், மண்வெட்டி எடுத்துக்கிட்டு. சத்தியமா."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பங்களா முன்னால் பொம்மையை மண்டியிட வைத்தார்கள். மேலே வெராவின் நீளக் கூந்தல் டோப்பா, உள்ளே நினிங்கின் முகம், அதற்கும் உள்ளே வாழைத்தண்டு. வில்லன் அரிவாளை ஓங்கினான். கேமராவின் பின்னால் நின்றிருந்த நினிங் அரிவாளைப் பார்க்கவில்லை. பொம்மையின் மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை துடித்தது போலிருந்தது. வெயில்தான். மரக்கிளையின் நிழல்தான்.

சளக்.

அவள் கழுத்தைச் சுற்றி ஒரு குளிர்ச்சி ஓடியது. வலி இல்லை. குளிர்ச்சி மட்டும். கதவிடுக்கில் காற்று நுழைவது போல. டிராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பலூன் வெடித்துச் சர்பத் பீய்ச்சியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி தொங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். "கட்! அருமை!"

கழுத்து ஈரமாக இருந்தது. சர்பத் தெறித்திருக்கும். தோளில் கிடந்த துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

ஜும்ஹரி சொன்னபடி வந்தான். பாதி அறுபட்ட தண்டைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்து, கையில் மண்வெட்டியோடு. ரப்பர் மரங்களின் வரிசைக்குள் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது. மரந்தோறும் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கேட்க வேண்டுமென்றே சொட்டுவது போல. அவன் விடாமல் பேசினான். பயந்தால் பேசுவான் அவன்.

"மாங் கர்த்தாகிட்ட சொல்லிடாதே. கெழவன் என்னையே உள்ள வெச்சுடுவான். நான் கொஞ்சம் குண்டு வேற, குழி பத்தாது."

அவள் சிரிக்கவில்லை. பாதையில் ஈர மண்ணில் தடங்கள். காலடி இல்லை. மழுங்கலாக, ஒற்றைத் தடம், எட்டி ஒன்று, எட்டி ஒன்று. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்துப் போனது போல. தடங்கள் குழியை நோக்கிப் போயின. திரும்பி வரவில்லை.

ஜும்ஹரியும் பார்த்தான். சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டான்.

குழி காலியாக இல்லை. மூடியிருந்தது. மேடு ஒழுங்காக, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தது போல.

"நீயா மூடின?"

"இல்ல."

"பின்ன?"

"கர்த்தா... கர்த்தாவாத்தான் இருக்கும். வேற தண்டு வெச்சு மூடியிருப்பார். தொல்லை விட்டுது, வா போயிடலாம்."

"தோண்டு."

"நெங்..."

"தோண்டு அபாங். பார்க்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

தோண்டினான். மண் இளகலாக வந்தது. அவன் வாரி வெளியே போட்ட மண் அவள் காலடியில் சொத்தென்று விழுந்தது. சொத். சொத். இந்தச் சத்தம். மாங் கர்த்தா மண் தள்ளியபோது கேட்ட அதே சத்தம்.

அதே சத்தமா?

இல்லை. அது இன்னும் பக்கத்தில் கேட்டது. முகத்துக்கு மேலே. கர்த்தா குனிந்தார். அவர் முகத்துக்குப் பின்னால் வானம் தெரிந்தது. இலைகளுக்கு நடுவே, துண்டு துண்டாக.

குழிக்கு வெளியே நிற்பவளுக்கு அவர் முதுகல்லவா தெரிய வேண்டும்.

அவள் எங்கே இருந்து பார்த்தாள்?

"துணி," என்றான் ஜும்ஹரி. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் மண்டியிட்டான். கஃபன். முடிச்சுகள் இறுக்கமாக. "பாரு, சொன்னேன்ல, வேற தண்டு—"

கை நின்றது. பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு சோற்றுப் பொட்டலம். பிரித்தது. கடித்து மிச்சம் வைத்த முட்டை.

அவன் உள்ளங்கையைத் துணியின் மேல் வைத்தான். உடனே எடுத்தான்.

"சூடா இருக்கு."

துணி ஏறியது. இறங்கியது.

உச்சி முடிச்சை அவன் நகத்தால் பிய்த்தான். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். துணி விலகியது. வெள்ளை மாவு பூசிய முகம். மூடிய இமை. உதட்டோரம் ஒரு பருக்கைச் சோறு. நினிங்.

அவன் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

"அப்ப... நீ?"

"நான்தான் அபாங். நான்தான் நினிங்."

அவன் ஏறி வந்தான். அவள் நகரவில்லை. கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தான். துண்டு பழுப்பாக ஊறிக் கனத்திருந்தது. வாழைக்கறை. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத கறை.

அவள் கழுத்தில் ஒரு வெட்டு. அரைக் கழுத்துக்கு. ரத்தம் இல்லை. தெளிந்த நீர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

நூறு பொய்க் கழுத்துகளை ஒட்டியவன் ஜும்ஹரி. அவன் விரல்கள் பழக்கத்தில் ரப்பரின் ஓரத்தைத் தேடின. காதுக்குக் கீழே தேடின. தாடைக்கு அடியில் தேடின. உரிப்பதற்கு ஒரு விளிம்பு. ஒட்டிய பசையின் ஒரு பிசிறு.

ஓரம் இல்லை. விரல் வெட்டுக்குள் போனது. உள்ளே அடுக்கடுக்காக, வெள்ளையாக, குளிர்ச்சியாக மட்டைகள்.

அவன் விரலை உருவினான். பின்னோக்கி நடந்தான். பிறகு ஓடினான். ரப்பர் வரிசைகளுக்குள் அவன் காலடி சரசரத்து, தேய்ந்தது. ஆட்களோடு திரும்புவான். மண்வெட்டி குழி விளிம்பிலேயே கிடந்தது.

கீழே இமைகள் திறந்தன.

மாவு முகத்தில் இரண்டு ஈரக் கண்கள். மேலே நிற்பவளைப் பார்த்தன. உதடு பிரிந்தது. பருக்கை விழுந்தது.

"ஆயி..." என்றது. "ஆயி வாசல்ல நிப்பா. என்னைத் தூக்கு."

தெரியும். ஆயி வாசலில்தான் நிற்பாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் தலைமுடி வாசனைகூடத் தெரியும். அவளுக்கும் போக வேண்டும். சாயங்கால வண்டி கீழே சாலை வளைவில் ஹாரன் அடித்தது. கிராமத்துப் பள்ளிவாசலில் மஃரிப் முரசு அதிரத் தொடங்கியது.

ஒன்று உள்ளே இருக்க வேண்டும். ஒன்றுதான்.

துண்டை எடுத்துக் கழுத்தில் இறுக்கிச் சுற்றினாள். மண்வெட்டியை எடுத்தாள். முதல் மண் விழுந்தது.

சொத்.

அது கீழே இருந்து எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.